ஆஸ்கார் வைல்டின் கதையில் மற்றவர்கள்

வாசகர் கேள்வி: "ஆஸ்கார் வைல்டைத் தியாகி என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். பதினாறு வயதுப் பையன்களுக்குப் பரிசும் பணமும் கொடுத்துப் பழகியவர் அவர். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நட்டாற்றில் விட்டவர். இன்று வாழ்ந்திருந்தாலும் சிறைக்குத்தான் போயிருப்பார். பிறகு எதற்கு இந்த மாலை மரியாதை?"

பிப்ரவரி 4

கேள்வியில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஐரிஷ் நாடகாசிரியரான வைல்டை, ஆண்களோடு உறவு கொண்டதற்காக 1895இல் சிறைக்கு அனுப்பியது 1885ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. ஹென்றி லபுஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கடைசி நேரத்தில் செருகியது. அந்தச் சட்டம் சிறுமிகளைக் காப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. பெண்களுக்கான இசைவு வயதை, அதாவது உறவுக்குச் சட்டப்படி சம்மதிக்கக்கூடிய வயதை, 13இலிருந்து 16ஆக உயர்த்தியது. ஆனால் 11ஆம் பிரிவில் வயதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இசைவைப் பற்றிக் கிடையாது. பணம் கைமாறியதா என்பதும் கிடையாது. இரண்டு ஆண்கள், பொது இடத்திலோ தனி அறையிலோ, "அநாகரிகமாக" நடந்துகொண்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. நாற்பது வயதைக் கடந்த இருவர் ஒருவரையொருவர் விரும்பி ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் அதே தண்டனை.

ஆகவே அந்த நீதிமன்றம் எந்தப் பையனையும் காப்பாற்றப் புறப்பட்டது என்று எண்ண வேண்டாம். காப்பாற்றும் நோக்கம் அதற்கு இருக்கவே இல்லை.

பிப்ரவரி 4, இரவு

விட்டுப்போனது ஒன்று. "இன்றும் சிறை" என்பதை நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. இன்றைய இங்கிலாந்தில் இசைவு வயது 16. ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பணமோ பொருளோ கொடுத்து உறவு கொள்வதை 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்த அளவுகோலை எடுத்தால் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறொரு குற்றச்சாட்டு. 1895இல் யாரும் அதை வைக்கவில்லை.

பிப்ரவரி 6

"வக்கீல் வாதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, ஆட்களின் பெயரைச் சொல்லியே பேசலாம்.

1895இல் நடந்தவை மூன்று விசாரணைகள். முதலாவது வைல்ட் தானே தொடுத்த அவதூறு வழக்கு. வைல்டின் காதலன் ஆல்ஃபிரட் டக்ளஸின், அதாவது போஸியின், தகப்பனார் குவீன்ஸ்பெரி பிரபு, வைல்டை ஆண்களோடு உறவு கொள்பவராகப் பழித்து எழுதி ஆல்பமார்ல் கிளப்பில் விட்டுச்சென்ற சீட்டுக்காகத் தொடுத்தது. ஏப்ரல் 3ஆம் தேதி தொடங்கி ஏப்ரல் 5ஆம் தேதி கவிழ்ந்தது. அன்று மாலையே கடோகன் ஹோட்டலில் கைது. அடுத்த இரண்டும் அரசு தொடுத்த குற்ற வழக்குகள். ஒன்றில் ஜூரிகளுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. மற்றொன்று மே 25ஆம் தேதி இரண்டாண்டுக் கடுங்காவலில் முடிந்தது.

வைல்டோடு பழகியவர்கள் என்று குவீன்ஸ்பெரியின் வழக்கறிஞர்கள் திரட்டிய பட்டியலில் மிக இளையவர்கள் இருவர். ஒருவன் வால்டர் கிரேஞ்சர். ஆக்ஸ்போர்டில் போஸி தங்கியிருந்த வீட்டின் வேலைக்காரப் பையன். இன்னொருவன் ஆல்ஃபோன்ஸ் கான்வே. வொர்த்திங் கடற்கரையில் சுற்றித்திரிந்தவன். இருவருக்கும் அப்போது பதினாறு வயதையொட்டி இருக்கும். குற்ற வழக்குகளில் இந்த இருவரும் சாட்சிக்கூண்டில் ஏறவே இல்லை. வைல்டுக்குத் தண்டனை கிடைத்தது சார்லஸ் பார்க்கர், ஆல்ஃபிரட் வுட் ஆகிய இளைஞர்கள் பெயரிலும், சவாய் ஹோட்டலில் பணியாளர்கள் பார்த்ததாகச் சொன்ன அடையாளம் தெரியாதவர்கள் பெயரிலும்தான். பார்க்கர் மிரட்டிப் பறித்த பணத்தில் பங்கு வாங்கியதைக் கூண்டில் நின்று ஒப்புக்கொண்டவன். யாருக்காக நாம் இன்று கவலைப்படுகிறோமோ அவர்களைப் பற்றி அந்த நீதிமன்றம் கவலைப்படவில்லை.

பிப்ரவரி 7

கிரேஞ்சரை விட்டு மனம் நகர மறுக்கிறது.

அவதூறு வழக்கில் குவீன்ஸ்பெரி தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் வைல்டைக் குறுக்கு விசாரணை செய்தார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் வைல்டுடன் படித்தவர். கிரேஞ்சரை முத்தமிட்டதுண்டா என்று கேட்டார். இல்லவே இல்லை, அவன் அழகே இல்லாத பையன் என்றார் வைல்ட். அதைக் கார்சன் விடாமல் பிடித்துக்கொண்டார். அவன் அழகாக இல்லாததுதான் காரணமா, ஏன் அதைச் சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டு வைல்டை நிலைகுலைய வைத்தார். வாழ்க்கை வரலாறுகள் எல்லாம் இந்த இடத்தில் நின்று, நகைச்சுவை நாவே ஒரு மேதையைக் கவிழ்த்த கணம் என்று எழுதுகின்றன. நானும் அப்படித்தான் வாசித்து வந்திருக்கிறேன்.

இப்போது அதே பக்கத்தைக் கிரேஞ்சரின் பக்கம் நின்று வாசியுங்கள். 1893 கோடையில் வைல்ட் தேம்ஸ் கரையில் கோரிங் என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் எடுபிடி வேலைக்கு அழைத்துவரப்பட்ட பையன் அவன். சம்பளம் தருபவர் வைல்ட். "வேண்டாம்" என்று சொல்லும் நிலையில் அவன் இருந்தானா? லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில், ஊரே திரண்டிருந்த நாளில், அவன் முகத்தைப் பற்றி இரண்டு கனவான்கள் வாதாடிக்கொண்டார்கள். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 8

கான்வே விஷயம் இதைவிடச் சிக்கலானது. எனக்கு வருத்தம் தருவதும் அதுதான்.

1894 ஆகஸ்ட். வைல்ட் குடும்பத்துடன் வொர்த்திங்கில் தங்கி "தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்" நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தார். மனைவி கான்ஸ்டன்ஸும் பிள்ளைகள் சிரிலும் விவியனும் அங்கே இருந்தார்கள். கரையில் படகு தள்ள உதவிய கான்வேயுடன் பழக்கம் ஏற்பட்டது. பிள்ளைகளோடும் அவன் விளையாடினான். வைல்ட் அவனுக்கு நீலநிற சூட், வைக்கோல் தொப்பி, கைத்தடி வாங்கிக்கொடுத்து பிரைட்டனுக்கு அழைத்துப்போய் ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். பேர் பொறித்த சிகரெட் பெட்டியும் கொடுத்தார். அவை எல்லாவற்றையும் கார்சன் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டினார்.

அந்த நாடகத்தின் முதல் அங்கத்தை நினைத்துப்பாருங்கள். மொத்தக் குழப்பமும் எதிலிருந்து தொடங்குகிறது? வாசகம் பொறித்த ஒரு சிகரெட் பெட்டியிலிருந்து. நாட்டுப்புறத்தில் ஒரு பேர், நகரத்தில் ஒரு பேர் வைத்துக்கொண்டு வாழும் மனிதனை அந்தப் பெட்டி காட்டிக்கொடுக்கிறது. கதாநாயகனின் குடும்பப் பெயரே வொர்த்திங். நாடகம் 1895 பிப்ரவரி 14ஆம் தேதி மேடையேறியபோது அரங்கம் சிரித்தது. ஏழே வாரங்களில் அந்தப் பெட்டியின் உறவுக்காரப் பெட்டி நீதிமன்ற மேசையில் இருந்தது.

கான்வே பத்திரிகை விற்பவன் என்று கார்சன் சொன்னபோது, அவனுக்கு இலக்கியத்துடன் தொடர்பு உண்டு என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார் வைல்ட். அரங்கம் சிரித்தது. கார்சனின் திட்டம் வேறு. ஒரு படித்த கனவான் கடற்கரைப் பையனுக்குத் தன் வர்க்கத்து உடையை மாட்டிவிட்டு ஹோட்டலுக்கு ஏன் அழைத்துப்போனார் என்பதை ஜூரிகள் மனத்தில் அறைவது. குதிரைக்காரர்களோடும் எடுபிடிகளோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில் உங்களுக்கு என்ன இன்பம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த அறையை அதிர வைத்தவற்றில் பையனின் வயது கிடையாது. வர்க்க எல்லை மீறப்பட்டதுதான் அதிர்ச்சி.

பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

ஆல்ஃபிரட் டெய்லரைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். வைல்டுக்கு இளைஞர்களை அறிமுகம் செய்து வைத்தவர். முதல் குற்ற வழக்கில் வைல்டுடன் சேர்த்து நிறுத்தப்பட்டார். அரசுத் தரப்புச் சாட்சியாக மாறச் சொன்னபோது மறுத்தார். வைல்டுக்குக் கிடைத்த அதே இரண்டு ஆண்டுகள் அவருக்கும் கிடைத்தன. அவருக்காக யாரும் மலர் வைப்பதில்லை. போஸி மீது வழக்கே இல்லை. அவர் பிரபுவின் மகன்.

பிப்ரவரி 11

என் நிலையைச் சொல்லாமல் இனி எழுத முடியாது. நான் தன்பாலீர்ப்பாளன். இருபது வயதில் எனக்குப் பேசுவதற்கு ஆளில்லை. நூலகத்தில் கிடைத்த வைல்டின் கடிதத் தொகுப்புதான் துணை. முதல் குற்ற வழக்கில் அவர் ஆற்றிய உரையை, பெயர் சொல்லத் துணியாத காதலைப் பற்றிப் பேசிய அந்த உரையை, மனப்பாடமாக வைத்திருந்தேன். பார்வையாளர் மாடத்தில் கைதட்டல் எழுந்ததாம். எனக்கும் கைதட்டத் தோன்றியது.

இன்றும் அந்த உரையை மதிக்கிறேன். ஆனால் அது மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையிலான உயர்ந்த, அறிவார்ந்த நேசத்தைப் பற்றிப் பேசுகிறது. பிளேட்டோ வருகிறார், மைக்கேலாஞ்சலோ வருகிறார், ஷேக்ஸ்பியர் வருகிறார். பார்க்கர் வரவில்லை. அந்த அறையில் அவனும் உட்கார்ந்திருக்கக்கூடும். தன்னைப் பற்றிய பேச்சு இது என்று அவனுக்குத் தோன்றியிருக்குமா?

சிறையில் போஸிக்கு எழுதிய நெடுங்கடிதத்திலும் இதுதான். 1897இன் தொடக்கத்தில் ரெடிங் சிறையில் எழுதியது. பிறகு "டி புரொஃபுண்டிஸ்" என்று பெயர் பெற்றது. போஸிக்காக ஐயாயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்ததைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். போஸியின் கோபம், சாப்பாடு, ஷாம்பெயின் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. கூலிக்கு வந்த இளைஞர்களோ சிறுத்தைகளாக, பாம்புகளாக மட்டுமே வருகிறார்கள். அவர்களோடு விருந்துண்டதில் பாதி இன்பம் ஆபத்துதான் என்கிறார். அற்புதமான உரைநடை. அந்த ஆபத்தில் அவர்களுக்கும் பங்கு இருந்திருக்கும் என்ற எண்ணம் அவருக்கு வரவில்லை.

பிப்ரவரி 12

தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியாவின் 377ஆவது பிரிவும் லபுஷேரின் பிரிவும் ஒன்றுதானே என்று ஒருவர். இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. லபுஷேரின் பிரிவுக்கு 25 ஆண்டுகள் மூத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி வயதுவந்தோரின் இசைவான உறவை 377இலிருந்து விடுவித்தது. லபுஷேரின் நிழலைப் பார்க்க வேண்டுமானால் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவைப் பாருங்கள். பொது இடத்திலோ தனியிடத்திலோ என்ற அதே வீச்சு அங்கே இருக்கிறது. லபுஷேரின் பிரிவு இங்கிலாந்தில் வயதுவந்தோரின் தனிவாழ்க்கையை விட்டு விலகியது 1967இல்தான்.

பிப்ரவரி 15

கான்ஸ்டன்ஸ். "நட்டாற்றில் விட்டவர்" என்ற வரியை மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

எனக்கு ஒரு தோழி உண்டு. குடும்பம் வற்புறுத்தியதால் ஒரு தன்பாலீர்ப்பாளர் அவளை மணந்தார். இப்போது பிரிந்திருக்கிறார்கள். இந்தக் குறிப்புகளை வாசித்துவிட்டு அவள் கேட்டாள்: "உங்கள் புத்தகங்களில் எல்லாம் அந்த மனைவி ஏன் எப்போதும் வாசலில் நின்று அழுதுகொண்டே இருக்கிறாள்?" பதில் சொல்ல முடியாமல், கான்ஸ்டன்ஸைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் எடுத்து வைத்து உட்கார்ந்தேன்.

1884 மே 29இல் திருமணம். செல்சியில் டைட் தெரு, 16ஆம் எண் வீடு. அவர் வாசலில் நின்று அழுதவர் இல்லை. பெண்கள் இறுக்கமான உடுப்புகளைக் கைவிட வேண்டும் என்று போராடிய சங்கத்தின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். குழந்தைகளுக்குக் கதைகள் எழுதினார். கணவரின் பொன்மொழிகளைத் தொகுத்தார். அந்தத் தொகுப்பு வேலையில் பழக்கமான ஹாட்சர்ட்ஸ் புத்தகக் கடை மேலாளர் ஆர்தர் ஹம்ஃப்ரீஸுக்கு 1894 கோடையில் காதல் கடிதம் எழுதினார். ஆம், அதே வொர்த்திங் கோடை. ஒரே வீட்டில் இருவரும் தத்தம் ரகசியத்தோடு இருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. விரும்பப்பட வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது என்று தெரிந்துகொண்ட நிம்மதி.

கைதுக்குப் பிறகு குவீன்ஸ்பெரியின் வழக்குச் செலவுக்காக டைட் தெரு வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். பிள்ளைகளின் பொம்மைகளும் போயின. சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் வைல்ட் என்ற பெயருக்காகவே வெளியேறச் சொன்னார்கள். அதன் பிறகு கான்ஸ்டன்ஸும் பிள்ளைகளும் ஹாலண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். இருந்தும் 1896 பிப்ரவரியில் மாமியார் இறந்த செய்தியை அந்நியர் வாயால் கணவர் கேட்கக் கூடாது என்று, உடல்நலமில்லாத நிலையில், ஜெனோவாவிலிருந்து ரெடிங் சிறைக்குப் பயணம் செய்தார். விடுதலைக்குப் பிறகு ஆண்டுக்கு 150 பவுண்டு தருவதாக ஏற்பாடு. போஸியோடு வாழக் கூடாது என்பது நிபந்தனை. 1897 இலையுதிர் காலத்தில் வைல்ட் நேப்பிள்ஸில் போஸியோடு குடியேறினார். பணம் நின்றது. அந்த வாழ்க்கை சில மாதங்களில் முறிந்தது.

1898 ஏப்ரல் 7ஆம் தேதி, அறுவை சிகிச்சைக்குப் பின் கான்ஸ்டன்ஸ் ஜெனோவாவில் இறந்தார். கல்லறையில் கணவர் பெயர் இல்லை. 1963இல்தான் சேர்த்தார்கள்.

பிப்ரவரி 16

தோழிக்கு நேற்றையதை அனுப்பினேன். "பிள்ளைகள்?" என்று ஒரே சொல்லில் பதில்.

விவியன் 1954இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். அதில் வைல்ட் நல்ல தகப்பன். தரையில் தவழ்ந்து விளையாடுகிறார், உடைந்த பொம்மையைச் சரிசெய்கிறார், தான் எழுதிய தன்னலக்கார அரக்கன் கதையைச் சொல்லும்போது கண் கலங்குகிறார். 1895க்குப் பிறகு இரண்டு பிள்ளைகளையும் அவர் பார்க்கவே இல்லை. சிரில் 1915 மே மாதம் பிரான்சில் போர்முனையில் ஜெர்மானியத் துப்பாக்கிக்கு இரையானார். கேள்வி கேட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளைத் தகப்பனிடமிருந்து பிரித்ததில் சட்டத்துக்கு முதல் பங்கு. வைல்டின் பங்கு அதற்கு முன்னால் இருக்கிறது. குவீன்ஸ்பெரி மீது வழக்குப் போடாதீர்கள், நாட்டை விட்டுப் போங்கள் என்று நண்பர்கள் சொன்னபோது, வீட்டில் இருப்பவர்களை நினைக்காமல் போஸியின் தகப்பன் பகையைத் தன் பகையாக எடுத்துக்கொண்டதில்.

பிப்ரவரி 19

"அவரே என்ன சொன்னார்?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு விதமாகச் சொன்னார். 1896 ஜூலையில் உள்துறை அமைச்சருக்கு எழுதிய மனுவில் தன் செயல்களை ஒரு பாலியல் மனநோய் என்றார். குற்றவியல் அறிஞர் லொம்ப்ரோசோ போன்றவர்களை மேற்கோள் காட்டினார். நோய்க்கு மருத்துவர்தான் தேவை, சிறை அல்ல என்று மன்றாடினார். 1898இல் நண்பர் ராபி ராஸுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டை நேசித்ததற்காகச் சிறைப்பட்டவன் வெளியே வந்தும் நாட்டை நேசிப்பான், பையன்களை நேசித்ததற்காகச் சிறைப்பட்ட கவிஞனும் அப்படியே என்றார். முதலாவது தனிச்சிறையில், புத்தி பேதலித்துவிடுமோ என்று பயந்த மனிதன் எழுதியது. அதை வைத்து அவர் மனம் திருந்தினார் என்று எழுதுபவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்துக்கு இணை அது. என்றாலும் இரண்டாவது கடிதத்தின் பெருமிதத்தை முழுவதுமாக ஏற்க முடியாமல் கிரேஞ்சர் குறுக்கே நிற்கிறான்.

பிப்ரவரி 20

சிபிலிஸ் நோயால் இறந்தார் என்று எழுதியவருக்கு: ரிச்சர்ட் எல்மன் 1987இல் வந்த வைல்டின் வாழ்க்கை வரலாற்றில் அப்படி முன்வைத்தார். அதுவே பரவிவிட்டது. 2000இல் மருத்துவ இதழான லான்செட்டில் வெளிவந்த கட்டுரை, நடுச்செவித் தொற்று மூளைக்குப் பரவியதே காரணம் என்று வாதிட்டது. சிறையில் காது வலியோடு கிடந்தவர், பாரிசில் காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சில வாரங்களில், 1900 நவம்பர் 30இல் இறந்தார். எனக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. "தகாத வாழ்க்கை, தகாத நோய்" என்ற முடிவு பலருக்கு வசதியாக இருக்கிறது. அதனால்தான் அது சாக மறுக்கிறது.

பிப்ரவரி 24

தியாகி உருவம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இன்றுதான் வருகிறேன். பெரும்பங்கு ராபி ராஸுடையது. 1905இல் சிறைக் கடிதத்தை வெளியிட்டபோது போஸி பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டார். ஆக இரண்டு தலைமுறை வாசகர்கள் படித்தது ஒரு துறவியின் தியானத்தை. ஏமாற்றிய காதலனுக்கு எழுதிய கசப்பான கணக்கு அது என்று அவர்களுக்குத் தெரியாது. மூலப்படியை ராஸ் 1909இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒப்படைத்து அரை நூற்றாண்டு பூட்டி வைக்கச் செய்தார். முழுமையான, திருத்தமான வடிவம் 1962இல்தான் அச்சேறியது. வைல்டின் கடன்களை அடைத்து, நூல்களின் உரிமையை அவருடைய வாரிசுகளுக்கு மீட்டுத் தந்தவரும் ராஸ்தான். இந்தக் கதையில் நான் குறை சொல்லத் தயங்கும் மனிதர் அவர்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில்: மாலையை நான் எடுக்க மாட்டேன். லபுஷேரின் பிரிவால் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி. கிரேஞ்சரும் கான்வேயும் கான்ஸ்டன்ஸும் தரும் கணக்கு அந்த அநீதியால் தள்ளுபடி ஆகாது. அந்தக் கணக்கை அவர் தீர்க்கவில்லை என்பதற்காக இரண்டாண்டுக் கடுங்காவல் நியாயமும் ஆகாது.

அவதூறு வழக்கின் முழுச் சுருக்கெழுத்துப் பதிவு 2000இல் வெளிப்பட்டு, பேரன் மெர்லின் ஹாலண்ட் பதிப்பித்து 2003இல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் எல்லோரும் செய்தித்தாள் துணுக்குகளை ஒட்டி வைத்த வடிவத்தையே நம்பியிருந்தார்கள். குற்ற வழக்குகளுக்கு அப்படி ஒரு பதிவு இல்லை. ஓல்ட் பெய்லியின் அதிகாரபூர்வ வெளியீடு விவரங்கள் அச்சிடத் தகாதவை என்று விட்டுவிட்டது. பார்க்கர் உண்மையில் என்ன சொன்னான் என்பதைச் செய்தியாளர்கள் வழியாகவே கேட்க வேண்டியிருக்கிறது. 2003ஆம் ஆண்டுப் பதிப்பை வைத்திருப்பவர்கள் கான்வே வரும் பக்கங்களையும் கிரேஞ்சர் வரும் பக்கங்களையும் அடுத்தடுத்து வாசித்துவிட்டு எழுதுங்கள். கான்வேயைப் பற்றிப் பேசும்போது வைல்டின் குரலில் ஒரு வாஞ்சை எனக்குக் கேட்கிறது. கிரேஞ்சரிடம் அது துளியும் கேட்கவில்லை. மற்றவர்களுக்கும் அப்படிப் படுகிறதா என்று தெரிய வேண்டும்.